எண்ணெய் குடித்த கிண்ணம்

காலையில் எழுந்ததிலிருந்து நான் ஓர் இடத்தில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். எழுந்து இரண்டடி நடந்ததும் எதற்கு எழுந்தேன் என்பது மறந்துவிடுகிறது. சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று மாத்திரையைப் பிரித்து டப்பாவில் போட்டு வாழ்கிற என் வயதுக்காரர்களே, உங்களிடம் சொன்னால் கேட்டுக்கொள்வீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். அடுப்பில் பருப்பு வேகிறது. நடுநடுவே எழுந்து போவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்று மதியம் என் அத்தை மகன் சாப்பிட வருகிறார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். கருவேப்பிலங்குறிச்சியில் சொந்த நிலத்தில் இன்னும் விவசாயம் பார்க்கிறார். போன மாதம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். எண்ணெயும் தேங்காயும் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். முந்தாநாள் போன் செய்தார்.

"உங்க வூட்ல அந்தக் காலத்துல எண்ணெ இல்லாம ஒரு சோளக்கறி செய்வாங்களாமே. அத ஒரு தடவ செஞ்சு போடேன். வாய்க்கு ஒண்ணும் புடிக்கல."

சொன்னதோடு நிற்காமல், நேற்று டவுன் பஸ் கண்டக்டரிடம் ஒரு பை மக்காச்சோளக் கதிரும் கொடுத்து அனுப்பிவிட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான்தான் போனைக் காதுக்குக் காது மாற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கறியை எங்கள் வீட்டில் செய்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது, என்னோடுதான் இருக்கிறாள். கதிர்ப் பையைப் பார்த்ததும் "யாரு குடுத்தது?" என்று கேட்டாள். சொன்னேன். "ம்" என்று சொல்லிவிட்டுக் கூடத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு சமையலறைப் பக்கமே வரவில்லை.

பருப்பைக் கிளறிவிட்டு வந்தேன். இன்னும் வேகவில்லை.

எங்கள் பக்கத்துச் சோளக்கறி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மக்காச்சோளத்தைக் கதிரிலிருந்து சீவி அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டி, சிறுபருப்போடு வேகவைக்க வேண்டும். ஒரு மூடித் தேங்காயும் வறுத்த வேர்க்கடலையும் மிளகாயும் சேர்த்து அரைத்து ஊற்ற வேண்டும். கடைசியில் இரண்டு குழிக்கரண்டி நல்லெண்ணெயில் வெங்காய வடகத்தைப் போட்டுத் தாளித்துக் கொட்ட வேண்டும். எண்ணெய் மேலே மிதந்து நின்றால்தான் அது கறி. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அதைவிட ஒன்று வேண்டாம் என்று அப்பா சொல்வார்.

அப்பா பீங்கான் கம்பெனியில் சூளைக்குள் பாத்திரம் அடுக்குகிறவர். எங்கள் ஊர் விருத்தாசலத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் நேராக நின்ற பாத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. விளிம்பு வளைந்த தட்டு, காது வைக்காத கப்பு, மூடி பொருந்தாத ஊறுகாய் ஜாடி என்று கம்பெனியில் கழித்துப்போட்டதெல்லாம் அப்பாவின் கைப்பையில் வீட்டுக்கு வந்துவிடும். அவற்றில் ஒரு கிண்ணம் மட்டும் தனி. ஒரு தடவை சுட்டதோடு சரி, கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு போடாதது. பளபளப்பு இருக்காது, சுண்ணாம்பு அடித்த சுவரைத் தொடுவது போலச் சொரசொரக்கும். நாக்கை வைத்தால் அப்படியே பிடித்துக்கொள்ளும். எனக்கு அதில் நாக்கை வைத்து வைத்து எடுப்பதுதான் விளையாட்டு. அப்பா பார்த்தால் திட்டுவார்.

எனக்குப் பத்து வயதான அந்த வருடம், ஐப்பசி மழையில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். எண்ணெயையும் தேங்காயையும் குறைக்கச் சொல்லி டாக்டர் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். அம்மா எழுதப் படிக்கத் தெரிந்தவள். அதைவிட, சொன்னால் சொன்னதைச் செய்கிறவள். வீட்டுக்கு வந்த முதல் வாரம் வெறும் ரசமும் அவித்த காயும் போட்டாள். அப்பா தட்டைப் பார்த்துவிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டார். சண்டை எதுவும் போடவில்லை, சாப்பிடத்தான் இல்லை. சூளையில் பாரம் தூக்குகிற உடம்பு, பத்து நாளில் கன்னம் ஒட்டிவிட்டது.

அப்போதுதான் அம்மா அந்தக் கறியைக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கதிரை உரித்து ஒவ்வொரு மணியிலும் கட்டை விரல் நகத்தை அழுத்திப் பார்ப்பாள். பால் தெறித்தால் அது தனி, தெறிக்காவிட்டால் தனி. முற்றியதைத் தட்டிப் பருப்போடு வேகவைத்தாள். இளசை அரைத்துத் துணியில் பிழிந்து பால் எடுத்தாள். தேங்காய்க்குப் பதில் அந்தச் சோளப்பால். வடகத்தை வெறும் கரண்டியில் போட்டு நெருப்பில் காட்டி, வாசனை வந்ததும் கையால் நொறுக்கித் தூவினாள். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. பார்த்தால் தேங்காய் அரைத்து ஊற்றியது போலவே இருக்கும். அப்பா முதல் வாய் வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வையி" என்றார். அம்மா திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

"பால ஊத்தினதும் எறக்கிடணும். கொதிக்க வுட்டா திரிஞ்சு போவும்" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே செய்வாள்.

இதோ, நானும் பிழிந்து வைத்திருக்கிறேன். இப்போது விளைவதெல்லாம் கோழித் தீவனத்துக்குப் போகிற சோளம். நகத்துக்கு மசியவில்லை. பையைக் கவிழ்த்துத் தேடியதில் நான்கு கதிர்தான் இளசாகக் கிடைத்தது. மணி பதினொன்றாகிவிட்டது.

அந்தக் கறியில் அப்பா ஒன்றரை மாதம் தேறினார். வேலைக்கும் போனார். மார்கழி பிறந்தது, எனக்கு அரைப்பரீட்சை லீவு விட்டார்கள். அத்தை வந்து இறங்கினாள்.

அத்தை அப்பாவின் அக்கா. தாய் இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். ஒரு கையில் சோளக்கதிர் மூட்டை, இன்னொரு கையில் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய்த் தூக்கு. வந்தவள் சட்டியைத் திறந்து பார்த்தாள். கரண்டியால் கிளறினாள். கரண்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"என்னம்மா இது? எண்ணெயே இல்ல?"

"டாக்டரு சொன்னாரு அண்ணி. நெஞ்சுக்கு ஆகாதாம்."

"டாக்டரு சூளையில நிக்கிறாரா? இவன் மண்ணுல வேல செய்றவன். உள்ள போற தூசி எண்ணெயிலதான் வழுக்கிட்டு வெளியில போவும். எண்ணெ இல்லன்னா கொடல்ல ஒட்டிக்கும். கம்பெனியில யார வேணா கேளு."

கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள், அதுதான் விஷயம். சூளைக்காரர்கள் எல்லார் வீட்டிலும் அந்த நம்பிக்கை இருந்தது. வேலை முடிந்து வந்தவருக்கு ஒரு துண்டு வெல்லமும் எண்ணெய் தளும்பத் தளும்பச் சாப்பாடும் கொடுத்தால்தான் நல்ல வீட்டுக்காரி. அம்மா வாதாடிப் பார்த்தாள். அத்தை அழ ஆரம்பித்தாள்.

"தாயில்லாத புள்ளைய நான் வளத்துக் குடுத்தது காயவச்சுக் கொல்றதுக்கா?"

அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். யார் பக்கமும் பேசவில்லை. "ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். அத்தை ஒரு வாரம் தங்கித் தானே சமைப்பதாகச் சொன்னாள். அம்மா அடுப்பை விட்டு எழுந்தாள். அவள் இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்ததும், காலையில் கண் வீங்கியிருந்ததும் எனக்குத் தெரியும். அப்பா செத்துப்போய்விடுவார் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பத்து வயதில் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. நானோ அப்போதே நின்ற இடத்தில் நிற்காதவள்.

அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் கார்த்திகை தீபம். புது அகல்களை அம்மா வாளித் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"ஊற வைக்கலன்னா ஊத்துற எண்ணெயெல்லாம் அகலே குடிச்சுடும்டி. திரிக்கு ஒண்ணும் மிஞ்சாது."

என் மூளை எப்படி ஓடியது என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அந்த ஊரில், அந்த மாதிரி வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் இது தோன்றும். கிளேஸ் போடாத கிண்ணத்தைப் பாவாடையில் மறைத்து எடுத்துக்கொண்டேன்.

லீவு நாளில் மதியச் சாப்பாட்டைக் கம்பெனிக்குக் கொண்டுபோவது என் வேலை. கம்பெனிக்குப் பின்னால் உடைசல் மேடு ஒன்று இருக்கும். உடைந்த பீங்கானைக் கொட்டிக் கொட்டி ஆள் உயரத்துக்கு வெள்ளையாக மேடு கட்டியிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு புங்கமரம். சாப்பாட்டுச் சங்கு ஊதுவதற்கு அரை மணி நேரம் முன்பே போய் அங்கே உட்காருவேன். தூக்கிலிருந்து அத்தையின் கறியைக் கிண்ணத்தில் கொட்டுவேன். கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தின் வெளிப்புறம் மஞ்சளாகும், பிறகு ஈரமாகும், கை வைத்தால் எண்ணெய் பிசுபிசுக்கும். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? டாக்டரும் அம்மாவும் செய்ய முடியாததை நான் செய்துவிட்டேன் என்று இருந்தது. கறியைத் திரும்பத் தூக்கில் வழித்துப் போட்டுவிட்டு, கிண்ணத்தைக் குழாய்த் தண்ணீரில் அலசி, மேட்டுக்குள் ஒரு பொந்தில் ஒளித்து வைத்துவிடுவேன்.

"என்னா பாப்பா, கறி கெட்டியா இருக்குது" என்றார் அப்பா முதல் நாள். நான் தலையை ஆட்டினேன்.

குடித்த எண்ணெயும் கறித் தண்ணீரும் கிண்ணத்துக்குள்ளேயே கிடந்து கெட்டுப்போகும் என்று எனக்கு யார் சொல்வது? அகலில் ஊற்றுவதைத்தான் நாம் எரித்துவிடுகிறோமே. மூன்றாம் நாள் கிண்ணத்தில் ஒரு வாடை வந்தது. எண்ணெய் வாடை என்று நினைத்துக்கொண்டேன். நான்காம் நாள் எறும்பு மொய்த்திருந்தது, ஊதிவிட்டுக் கறியைக் கொட்டினேன். ஐந்தாம் நாள் அப்பா முதல் வாய் எடுத்ததும் நிறுத்தினார். தூக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு முழுவதையும் சாப்பிட்டார்.

அன்று சாயங்காலம் வாந்தியும் பேதியுமாக அப்பாவைச் சூளை வாசலிலிருந்து ரிக்‌ஷாவில் தூக்கிப்போனார்கள். நான் ஓடிப்போய்க் கிண்ணத்தை எடுத்து மேட்டின் மேல் எறிந்தேன். அது உடையக்கூட இல்லை. மஞ்சள் பிடித்த கிண்ணம், வெள்ளை உடைசலுக்கு நடுவே எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி கிடந்தது. மேலே ஏறி எடுக்கத் துணியவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை கூடியிருந்தவர்களிடம் சொன்னாள்: "ஒன்றர மாசம் எண்ணெயக் காட்டாம கொடல காய வச்சுட்டா. இப்ப நல்ல சாப்பாடு போனா தாங்குமா? அதான் வெளிய தள்ளுது." எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அம்மா சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் வாய் திறக்கவில்லை. நான் அவள் புடவைக்குப் பின்னால் நின்றேன், நானும் வாய் திறக்கவில்லை.

அப்பா பிழைத்து வந்தார். அம்மாவின் கறி அதோடு நின்றது. எண்ணெய் மிதக்கிற கறியை அம்மாவே செய்து போட ஆரம்பித்தாள், முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு. நான்கு வருடம் கழித்து அப்பா சூளை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அது எண்ணெயாலா, தூசியாலா, பீடியாலா, யாருக்குத் தெரியும். சாவு வீட்டில் அத்தை மாரில் அடித்துக்கொண்டு அதே குடல் காய்ந்த கதையை வைத்து ஒப்பாரி பாடினாள். எனக்கு அப்போது பதினான்கு வயது, பேசத் தெரிந்த வயது. பேசவில்லை.

எழுதிக்கொண்டே இருந்ததில் சோளப்பாலை ஊற்றியதை மறந்துவிட்டேன். ஓடிப்போய் இறக்கினேன். அத்தை மகன் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது. மீதியை அவர் போன பிறகு எழுதுகிறேன்.

*

அவர் போய்விட்டார். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

தரையில் உட்கார முடியாது என்று மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்தோம். அம்மாவுக்கு ரசம் சோறு. கறியை அவள் பக்கம் நகர்த்தினேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அத்தை மகன் இரண்டு வாய் சாப்பிட்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் சாப்பாடு சாப்பாடாக இருக்கிறது என்றார். மூன்றாவது வாயில் சிரித்தார்.

"எங்கம்மா மட்டும் இருந்திருக்கணும். இதத் தின்னா கொடல் காஞ்சு செத்துப் போயிடுவேன்னு என்னப் புடிச்சு இழுத்திருக்கும். சாவுற வரைக்கும் அதத்தான சொல்லிக்கிட்டு இருந்துச்சு."

அம்மாவின் கை சோற்றில் நின்றது.

நான் எழுந்தேன். தண்ணீர் எடுக்கத்தான் எழுந்தேன் என்று நினைக்கிறேன். நின்றபடியே சொல்லிவிட்டேன். கிண்ணம், புங்கமரம், ஐந்து நாள், எறும்பு, எல்லாவற்றையும். கோர்வையாகச் சொல்லவில்லை, உளறினேன். "அம்மா மேல தப்பு இல்ல. நாந்தான்" என்று முடித்தேன். அத்தை மகன் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா.

"எப்பத்துலேர்ந்தும்மா?"

"அன்னிக்கே. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு உங்கப்பா சொன்னாரு. அஞ்சு நாளா கறியில சூளை மண்ணு வாட அடிச்சுதாம். வாய்ல வச்சதும் தெரியாதா அந்த மனுசனுக்கு? புள்ள ஏதோ நல்லதுன்னு நெனச்சு செய்யுது, கொட்ட மனசு வரலன்னாரு. அதுகிட்ட கேக்காத, பயந்துடும், அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்னாரு." தட்டைத் தள்ளிவைத்தாள். "நாலு வருசம் இருந்தாரு. சொல்லல."

அப்பாவை நான் ஐம்பது வருடமாக நல்லவர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லவர்தான். ஆனால் என்னைக் காப்பாற்ற, பழி சுமக்க அம்மாவை எடுத்து நீட்டியிருக்கிறார்.

"நீயாவது என்னக் கேட்டிருக்கலாமேம்மா."

"நீயே வந்து சொல்லுவன்னு பாத்தேன். அவரு செத்தப்ப பாத்தேன். உனக்குக் கல்யாணம் ஆவும்போது பாத்தேன். உங்க அத்த படுத்த படுக்கையா கெடந்தப்ப உன்ன எதுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன்னு நெனச்ச? ரெண்டு பேரையும் ரூமுல வுட்டுட்டு நான் வெளியில வந்து நின்னேன். நீ சாத்துக்குடி உரிச்சுக் குடுத்துட்டு வந்துட்ட."

ஆமாம். உரித்துக் கொடுத்தேன், நார் எல்லாம் சுத்தமாக எடுத்துத்தான் கொடுத்தேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மாவ நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லு" என்றாள். அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இன்றும் மேசையில் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

அத்தை மகன் தட்டில் இருந்ததை மெதுவாகச் சாப்பிட்டு முடித்தார். தட்டை வழித்தார். பிறகு தலையைத் தூக்காமலேயே, "இன்னும் கொஞ்சம் இருக்குதா?" என்று கேட்டார். கேள்வி என்னிடம் இல்லை. அம்மாவிடம் கேட்டார்.

நான் சமையலறைக்குள் போய்ச் சட்டியை எடுத்தேன். பின்னால் நாற்காலி நகர்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா வந்தாள். கரண்டியால் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள்.

"பால கொதிக்க வுட்டுட்ட. திரிஞ்சிருக்குது."

"ஆமாம்மா."

"இன்னும் ரெண்டு எளங்கதிரு இருக்குதா பாரு. அவன உக்காரச் சொல்லு" என்றாள். பிறகு என்னைத் தோளில் தொட்டு ஓரமாகத் தள்ளினாள்.

"நீ நகரு."

நான் நகர்ந்தேன்.